காபி பிடிக்கவில்லை என்றால் நாக்கில் கோளாறா?

காபி வேண்டாம் என்று சொன்னால் யாரும் லேசில் விடுவதில்லை. "நல்ல காபியா குடிச்சிருக்க மாட்டீங்க" என்பார்கள். ஒரே காபி எல்லார் நாக்கிலும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று அவர்களாகவே முடிவுகட்டிவிடுகிறார்கள்.

அப்படி இல்லை என்பது 1930-களின் தொடக்கத்திலேயே தற்செயலாகத் தெரிந்துபோனது. ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஃபீனைல்தயோகார்பமைடு என்ற பொடியை ஆய்வகத்தில் கையாண்டபோது அது கொஞ்சம் காற்றில் பறந்தது. உடனிருந்தவர் கசக்கிறதே என்று முகம் சுளித்தார். பொடியைக் கையிலேயே வைத்திருந்த ஃபாக்ஸுக்கோ ஒன்றுமே தெரியவில்லை. நாக்கில் வைத்துப் பார்த்தும் அதே கதைதான்: ஒருவருக்குக் கடுங்கசப்பு, இன்னொருவருக்குச் சப்பென்று. இந்த வித்தியாசத்துக்குக் காரணமான மரபணுவை 2003-இல் கண்டுபிடித்தார்கள்.

கசப்பை உணர நம்மிடம் சுமார் 25 வகை ஏற்பிகள், அதாவது கசப்புப் பொருள் பட்டதும் சேதி சொல்லும் நுண்ணிய புரதங்கள், இருக்கின்றன. நஞ்சுள்ள செடிகள் பல கசக்கும் என்பதால் உடம்பு இத்தனை காவல்காரர்களை வைத்திருக்கிறது என்பது பொதுவான விளக்கம். அந்த ஏற்பிகளுக்கான மரபணுக்கள் ஆளுக்கு ஆள் சற்று மாறுகின்றன. சிலருக்கு ஒன்றிரண்டு அடியோடு இல்லை.

காபியின் கசப்புக்குக் கஃபீன்தான் காரணம் என்று நினைப்போம். உண்மையில் அதன் பங்கு சிறியது. கஃபீன் நீக்கிய காபியும் கசக்கத்தானே செய்கிறது. பெரும்பங்கு வறுப்பதில் பிறக்கிறது. கொட்டையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் சூட்டில் லாக்டோன்கள் என்ற சேர்மங்களாக மாறும்போது வருவது ஓரளவு மென்மையான கசப்பு. இன்னும் கருக வறுத்தால் அவை சிதைந்து ஃபீனைல்இண்டேன்கள் உருவாகும். அடிநாக்கில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிற அந்த முரட்டுக் கசப்பு இவற்றின் வேலை. மணம் பிடிக்கும், குடிக்கத்தான் முடியாது என்பவர்கள் இளவறுப்பை ஒருமுறை முயன்று பார்க்கலாம். ஒரு சிட்டிகை உப்பும் கசப்பை அடக்கும். கேட்க விநோதம்தான்.

சரி, கசப்பு அதிகம் தெரிகிறவர்கள்தான் காபியை ஒதுக்குகிறார்களா? 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, பிரிட்டனில் லட்சக்கணக்கானோரின் மரபணுத் தகவலை அலசியது. கஃபீனின் கசப்பைக் கூடுதலாக உணரும் மரபணு அமைப்புள்ளவர்கள் காபியை அதிகமாகவே குடித்தார்களாம்!

எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம், விருப்பம் பெரும்பாலும் குடித்த பிறகு உருவாகிறது என்பது. கஃபீன் மூளையில், தூக்கம் வரவழைக்கும் அடினோசின் என்ற வேதிப்பொருளின் இடத்தை மறித்துத் தூக்கக் கலக்கத்தைத் துரத்துகிறது. அந்தச் சுறுசுறுப்பும் முன்னால் வந்த கசப்பும் நினைவில் முடிச்சுப் போட்டுக்கொள்ள, நாளடைவில் கசப்பே சுவைக்கத் தொடங்குகிறது. ஆனால் சிலருக்குக் கஃபீன் கொடுப்பது படபடப்பும் கைநடுக்கமும்தான். குடித்த கஃபீனில் பாதி வெளியேறச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். கஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதி மந்தமாக உள்ளவர்களுக்கு இன்னும் நேரமாகும். மாலையில் குடித்துவிட்டு நள்ளிரவில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவரின் மூளையும் கசப்போடு ஒரு முடிச்சுப் போடத்தான் செய்கிறது. அவருக்கு எவ்வளவு உயர்ந்த கொட்டையில் போட்டுக் கொடுத்தாலும் அந்த முடிச்சு அவிழாது.