சுவிஸ் முன்னோரைத் தேடுகிறீர்களா? பிறந்த ஊரை விட்டுவிட்டு பூர்வீக ஊரைப் பிடியுங்கள்

அமெரிக்காவில் ஒரு நூலகத்தின் குடும்ப வரலாற்றுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். விஸ்கான்சின், இந்தியானா, ஒஹாயோ பக்கமெல்லாம் சுவிஸ் வழி வந்த குடும்பங்கள் நிறைய. தேடி வருபவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு வருவதில்லை. இணையத்தில் யாரோ ஏற்றி வைத்த வம்சாவளிப் பட்டியலை, 1500 வரைக்கும் நீள்வதை, அச்செடுத்துக் கொண்டு வருவார்கள். சிலர் பிரேம் போட்ட குலச்சின்னமும் வைத்திருப்பார்கள். அந்தச் சின்னத்தைக் கடைக்காரர் விற்றது குடும்பப்பெயரை மட்டும் பார்த்து. சம்பந்தமே இல்லாத பல ஊர்களில் முல்லர் என்ற குடும்பப்பெயர்க்காரர்கள் இருக்கிறார்கள். சுவரில் மாட்டிக்கொள்ளலாம், ஆதாரமாகக் காட்ட முடியாது.

சுவிட்சர்லாந்தில் ஒருவர் முதலில் ஒரு கம்யூனின் குடிமகன். கம்யூன் என்பது நம் ஊராட்சி அளவிலான சிறு அமைப்பு, அதுதான் அவருடைய பூர்வீக ஊர். அதன் வழியாகத்தான் மாநிலக் குடியுரிமை, நாட்டுக் குடியுரிமை எல்லாம். இன்றைய சுவிஸ் பாஸ்போர்ட்டிலும் பிறந்த ஊர் இருக்காது, இந்தப் பூர்வீக ஊர்தான் இருக்கும். அப்பாவின் பூர்வீக ஊரே பிள்ளைகளுக்கும் தொடர்ந்தது. நான்கு தலைமுறையாகச் சென்னையில் இருப்பவருக்கும் குலதெய்வக் கோயில் எங்கோ ஒரு கிராமத்தில் இருக்குமே, அதைச் சட்டமாக்கி வைத்தது போல.

சட்டமாக்கக் காரணம் பணம். அந்தக் காலத்தில் குடிமகன் நொடித்துப்போனால், எங்கே வாழ்ந்தாலும், சோறு போடும் பொறுப்பு பூர்வீகக் கம்யூனுக்கு இருந்தது. அதனால்தான் யார் நம்மவர் என்று அவ்வளவு கவனமாக எழுதி வைத்தார்கள். அதே கணக்குதான் பல ஏழைகளைக் கப்பலும் ஏற்றியது. 1855-ல் ஆர்காவ் மாநிலத்தின் நீடர்வில் கம்யூன் 305 பேரைத் தன் செலவில் அமெரிக்காவுக்கு அனுப்பியது. 1845-ல் விஸ்கான்சினில் நியூ கிளாரஸ் ஊரை உருவாக்கிய கிளாரஸ் மாநில மக்களுக்கும் அவரவர் கம்யூன்களின் உதவி இருந்தது. ஆகவே போனவர்களின் பெயர் தேவாலயப் பதிவில் மட்டுமல்ல, கம்யூனின் கூட்டக் குறிப்பிலும் செலவுக் கணக்கிலும் கிடைக்கலாம். ஒரு எச்சரிக்கை: அந்த நீடர்வில் இன்று ரோத்ரிஸ்ட். வரைபடத்தில் இப்போது தெரிகிற நீடர்வில் அதே மாநிலத்தில் வேறொரு ஊர்!

சரி, அந்த ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தத் தேடலை அமெரிக்காவிலேயே முடியுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரும்பாலும் "சுவிட்சர்லாந்து" என்று மட்டும் இருக்கும். 1906-க்கு முந்தைய குடியுரிமைக் காகிதங்களும் அநேகமாக அப்படியே. கல்லறைக் கல், ஜெர்மன் மொழிச் செய்தித்தாளில் வந்த இரங்கல் குறிப்பு, குடியேறியவர்கள் கட்டிய தேவாலயத்தின் முதல் பதிவேடு, இவற்றில்தான் ஊர்ப்பெயர் சிக்கும். குடும்ப பைபிளையும் ஒருமுறை உதறிப் பாருங்கள். நான்காக மடித்த, முத்திரை குத்திய ஒரு தாள் அதற்குள் இருந்தால் பிறப்புச் சான்றிதழ் என்று எண்ணிவிடாதீர்கள். "ஹைமாட்ஷைன்" என்று தலைப்பிட்டிருந்தால் அது பூர்வீகச் சான்று, "இவர் எங்கள் குடிமகன், திரும்பி வந்தால் ஏற்றுக்கொள்வோம்" என்று கம்யூன் எழுதிக் கொடுத்தது. அது கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் வந்தவர்கள் என்றால் இன்னொரு சிக்கல். பிலடெல்பியாவில் வந்திறங்கியவர்களைப் பற்றி 1727 முதல் எழுதப்பட்ட பட்டியல்களில் சுவிஸ்காரர்களும் "பாலட்டினேட்காரர்கள்" (ஜெர்மனியின் ரைன் நதிப் பகுதியினர்) என்றே சேர்ந்துவிட்டார்கள். பெர்ன் அரசு விரட்டிய மென்னோனைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பலர் ரைன் நதிக்கரையில் ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை வாழ்ந்த பிறகே கப்பல் ஏறினார்கள். அந்த நடு ஊரைத் தாண்டிக் குதித்தால் தவறான குடும்பத்தில் போய் விழுவீர்கள்.

பெயர் மாறியதற்கு, நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலைய அதிகாரிகளைத் திட்டுவது இங்கே ஒரு வழக்கம். அந்த நிலையம் திறந்ததே 1892-ல். அங்கிருந்தவர்கள், புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதிய பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயர் மாறியது அண்டை வீட்டார் வாயில், பள்ளிக்கூடத்தில், நிலப்பத்திரத்தில். எம்மென்டால் பள்ளத்தாக்கில் ட்ரூப் ஊரின் ஃபான்க்ஹவுசர், வர்ஜீனியாவில் ஃபங்க்ஹவுசர் ஆனார். சிம்மர்மான் (ஜெர்மனில் தச்சர்) சிலர் ஆங்கிலத்தில் கார்பென்டரே ஆகிவிட்டார்கள்.

பெயரின் பழைய வடிவம் தெரிந்தால், சுவிஸ் குடும்பப்பெயர் அகராதியை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எந்தப் பெயருக்கு எந்தக் கம்யூனில், எந்தக் காலத்திலிருந்து குடியுரிமை என்று அது சொல்லும். அப்புறம் தேவாலயப் பதிவேடுகள். சூரிச்சில் 1526-லேயே ஞானஸ்நானப் பதிவுக்கு ஆணை பிறந்தது. நாடு முழுக்க அரசுப் பதிவு வந்தது 1876-ல்தான். பெர்ன் மாநிலத்தின் பழைய ஏடுகளை அதன் ஆவணக் காப்பகத் தளத்திலேயே புரட்டலாம். பழைய ஜெர்மன் கையெழுத்து முதலில் கோழிக் கிறுக்கலாகத்தான் தெரியும். ஒரே போதகரின் கையெழுத்தில் பத்துப் பக்கம் படித்தால் பழகிவிடும். அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் "ட்ரூப் ஊரார்" என்பது போல் ஒரு சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஞானப் பெற்றோரின் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் உறவினர்களாக இருப்பார்கள். ஒரே வீட்டில் இரண்டு ஹான்ஸ் வந்தால் குழம்ப வேண்டாம். பெரும்பாலும் மூத்தவன் இறந்திருப்பான், அடுத்தவனுக்கு அதே பெயரை வைத்திருப்பார்கள். இறப்புப் பதிவைப் பார்க்காமல் மூத்தவனை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்ட பட்டியல்கள் இணையத்தில் ஏராளம்.

கடைசியில் காப்பகத்துக்குக் கடிதம் எழுதும்போது பெயர், பூர்வீகக் கம்யூன், மதப்பிரிவு, தோராயமான ஆண்டு, இந்த நான்கும் இருக்கட்டும். "எங்கள் தாத்தா சுவிஸ், முல்லர் குடும்பம்" என்று எழுதினால் அவர்களால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.