இடம் இல்லை என்றால் இன்னொரு பள்ளி திறக்க வேண்டியதுதானே? சார்ட்டர் பள்ளி உச்சவரம்பின் கதை

போன மார்ச்சில் சித்தி மகளிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனில் இருக்கிறாள், பையனை ஐந்தாம் வகுப்புக்குச் சேர்க்க மூன்று சார்ட்டர் பள்ளிகளில் விண்ணப்பித்திருந்தாள், குலுக்கலில் பெயர் விழவில்லை, ஒரு பள்ளியின் காத்திருப்புப் பட்டியலில் 118 என்று போட்டிருந்தது. கீழே அவள் கேள்வி: "அண்ணா, இவ்ளோ பேரு வரிசைல நிக்கிறாங்கன்னா இன்னொரு பள்ளிக்கூடம் தொறக்க வேண்டியதுதானே? எவன் தடுக்குறான்?"

தடுப்பது சட்டம். அந்தச் சட்டத்தை மாற்றலாமா என்று மாநில மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள், மக்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கு இதை இரண்டு வரியில் எழுதி அனுப்பினேன், திருப்தியாகவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

சார்ட்டர் பள்ளி என்பது அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி. கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது, இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான். ஆனால் ஊரின் பள்ளி நிர்வாகம் அதை நடத்தாது. தனியாக ஒரு குழு நடத்தும். பாட நேரம், ஆசிரியர் நியமனம், சம்பளம் எல்லாம் அந்தக் குழுவின் கையில். நம் ஊர் அரசு உதவி பெறும் பள்ளி நினைவுக்கு வரும், பாதிதான் பொருந்தும். இங்கே உரிமம் ஐந்தாண்டுக்குத்தான், தேர்ச்சியும் கணக்கு வழக்கும் சரியில்லை என்றால் மாநிலம் புதுப்பிக்காமல் மூடிவிடலாம். மூடியும் இருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. இன்றைக்கு சார்ட்டர் பள்ளிகளைக் கடுமையாக எதிர்ப்பது ஆசிரியர் சங்கங்கள். 1988-இல் இந்த யோசனையை ஊரறியச் செய்தவரோ ஒரு ஆசிரியர் சங்கத் தலைவர், ஆல்பர்ட் ஷாங்கர். ஆசிரியர்களே சேர்ந்து புது முறைகளைச் சோதித்துப் பார்க்கும் இடமாக இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். மினசோட்டா 1991-இல் முதல் சட்டம் கொண்டுவந்தது, 1992-இல் செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது, அதற்குள் விஷயம் அவர் நினைத்த பாதையை விட்டு விலகிப்போனது, பிற்பாடு அவரே எதிர்க்க ஆரம்பித்தார்.

மாசசூசெட்ஸ் மாநிலம் 1993-இல் சட்டம் போட்டது. போடும்போதே உச்சவரம்பும் வைத்தது: மாநிலம் முழுக்க 25 பள்ளிதான். 1997-இல் அது 50 ஆனது, 2000-இல் 120. இந்த 120-இல் 72 'காமன்வெல்த்' வகை, அதாவது ஊர் நிர்வாகத்துக்குச் சம்பந்தமே இல்லாதவை. மீதி 48 'ஹொரேஸ் மான்' வகை, இதற்கு ஊர்ப் பள்ளிக் குழுவின் சம்மதம் வேண்டும், அதனால் அந்தப் பக்கம் பெரிதாகக் கூட்டம் இல்லை. சண்டை எல்லாம் முதல் வகைக்குத்தான்.

பேச்சில் எல்லோரும் இந்த எண்ணிக்கையைத்தான் சொல்வார்கள். என் கணிப்பில் பாஸ்டன் மாதிரி நகரங்களில் கழுத்தைப் பிடிப்பது இது அல்ல, சட்டத்துக்குள் இன்னொரு வரம்பு இருக்கிறது, அது பண வரம்பு. ஒரு கல்வி மாவட்டம் பள்ளிகளுக்காக ஓராண்டில் செலவிடும் தொகையில் 9 சதவீதத்துக்கு மேல் சார்ட்டர் பள்ளிகளுக்குப் போகக் கூடாது. 10 கோடி டாலர் செலவிடும் ஊர் என்றால் 90 லட்சம் டாலர். அதைத் தொட்டுவிட்டால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புது இடம் கிடையாது, மாநிலக் கணக்கில் உரிமங்கள் மிச்சம் இருந்தாலும் சரி.

2010-இல் இதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஒபாமா அரசு மாநிலங்களுக்கிடையே போட்டி வைத்துக் கல்வி நிதி கொடுத்த நேரம் அது, சார்ட்டருக்குக் கதவைத் திறந்துவிடும் மாநிலத்துக்குக் கூடுதல் மதிப்பெண். அந்தச் சூட்டில், மாநிலத் தேர்வுகளில் கடைசி 10 சதவீதத்தில் இருக்கும் மாவட்டங்களுக்கு மட்டும் 9-ஐ 18 சதவீதமாக உயர்த்தினார்கள். ஒரே நாளில் அல்ல. 2011 நிதியாண்டில் 12, பிறகு ஆண்டுக்கு ஒன்றாக ஏறி 2017-இல் 18. கூடுதலாக வரும் அந்த இடங்களும் ஏற்கெனவே பள்ளி நடத்தி நல்ல பெயர் வாங்கியவர்களுக்குத்தான். 2016-இல் ஏன் திடீரென்று இவ்வளவு பெரிய சண்டை வெடித்தது என்று கேட்டால், படிக்கட்டு முடியப்போகிறது என்று இரண்டு தரப்புக்கும் தெரியும், அதுதான் காரணம் என்பேன்.

சரி, வரம்பு எதற்கு? நல்ல பள்ளி என்றால் எத்தனை வந்தால் என்ன? இங்கேதான் பணம் எப்படி நகர்கிறது என்று பார்க்க வேண்டும், இதைப் புரிந்துகொள்ளாமல் இந்த விவாதத்தில் யார் சொல்வதும் காதில் சரியாக விழாது.

ஒவ்வொரு ஊருக்கும் இந்த ஆண்டு மாநில அரசிடமிருந்து எவ்வளவு வரும், எவ்வளவு பிடித்தம் என்று ஒரு தாள் வரும். அதற்கு 'செர்ரி ஷீட்' என்று பெயர், ஒரு காலத்தில் செர்ரி நிறக் காகிதத்தில் அச்சடித்ததால் வந்த பெயர், நிறம் போய் பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஊர்ப் பிள்ளை ஒன்று சார்ட்டர் பள்ளியில் சேர்ந்தால், அந்தப் பிள்ளைக்கான தொகையை ஊருக்கு வரவேண்டிய உதவியில் மாநிலம் பிடித்துக்கொண்டு சார்ட்டர் பள்ளிக்குக் கொடுத்துவிடும். பிள்ளை எங்கேயோ பணமும் அங்கே, கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், தொகை நான் வசதிக்காக வைத்துக்கொள்வது. பிள்ளைக்கு 15,000 டாலர். ஒரு ஊரிலிருந்து 20 பிள்ளைகள் போகிறார்கள். மூன்று லட்சம் டாலர் போச்சு. ஆனால் அந்த 20 பேரும் ஒரே வகுப்பறையிலிருந்து எழுந்து போகவில்லை. நாலு பள்ளிகளில், இரண்டாம் வகுப்பில் ஒருவன், ஆறாம் வகுப்பில் இரண்டு பேர் என்று உதிரி உதிரியாகப் போகிறார்கள். 24 பேர் இருந்த வகுப்பில் இப்போது 23 பேர். அதற்காக டீச்சரை வீட்டுக்கு அனுப்ப முடியுமா? பஸ் அதே வழியில்தான் ஓடும், குளிர்காலத்தில் ஹீட்டர் அதே கட்டடத்துக்குத்தான் எரியும். வருமானம் மூன்று லட்சம் குறைந்தது, செலவு கிட்டத்தட்ட அப்படியே. அப்புறம் என்ன, இசை வகுப்பு போகும், நூலகர் போவார், இருக்கிற பிள்ளைகள்தான் அதைத் தாங்க வேண்டும்.

இந்த அடியைத் தாங்கிக்கொள்ள மாநிலம் ஈட்டுத்தொகை தரும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. 2010 முறைப்படி, கூடுதலாகப் போன தொகையில் முதல் ஆண்டு 100 சதவீதம், அடுத்த ஐந்து ஆண்டுகள் 25 சதவீதம். நம் கணக்கில் முதல் ஆண்டு மூன்று லட்சமும் திரும்ப வரும், பிறகு ஆண்டுக்கு 75,000. நல்ல ஏற்பாடுதான், ஒரே குறை, பல ஆண்டுகள் சட்டமன்றம் இதற்கு முழுத் தொகை ஒதுக்கவே இல்லை. காகிதத்தில் 100 என்று இருக்கும், கைக்குக் குறைவாக வரும். 2019-இல் கல்வி நிதிச் சட்டத்தைத் திருத்தியபோது 100, 60, 40 என்று மூன்றே ஆண்டாகச் சுருக்கினார்கள். கூட்டிப் பாருங்கள், பழையதைவிட மொத்தம் குறைவு. இருந்தும் ஊர்கள் ஏற்றுக்கொண்டன. இந்த முறை படிப்படியாக முழுத் தொகையும் தருகிறோம் என்று சட்டத்திலேயே எழுதினார்கள்.

இப்போது 2016-க்கு வருவோம். நவம்பர் 8, அமெரிக்க அதிபர் தேர்தல் நாள், அதே வாக்குச்சீட்டில் மாசசூசெட்ஸ் மக்களுக்கு 'கேள்வி 2'. ஆண்டுக்கு 12 புதுப் பள்ளிகள் வரை, அல்லது இருக்கிற பள்ளிகளை விரிவாக்கம் செய்ய, பழைய வரம்புகளைத் தாண்டி அனுமதிக்கலாமா என்பதுதான் கேள்வி. ஒரு ஆண்டில் கூடும் இடங்கள் மாநில அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கையில் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தேர்ச்சியில் கடைசி 25 சதவீத மாவட்டங்களுக்கு முன்னுரிமை.

கவர்னர் சார்லி பேக்கர், குடியரசுக் கட்சிக்காரர், ஆம் என்று ஊர் ஊராகப் போனார். ஜனநாயகக் கட்சியின் செனட்டர் எலிசபெத் வாரன் வேண்டாம் என்றார். சுவாரசியமான ஆள் பாஸ்டன் மேயர் மார்ட்டி வால்ஷ். அவரே பாஸ்டனின் டார்செஸ்டர் பகுதியில் ஒரு சார்ட்டர் பள்ளியைத் தொடங்கிய குழுவில் இருந்தவர், அளவோடு உயர்த்தலாம் என்பவர், இந்த அளவுக்கு உயர்த்தினால் நகரத்தின் கணக்கு கவிழும் என்று எதிர்த்தார். கடன் தர மதிப்பீடு செய்யும் மூடிஸ் நிறுவனமும் இது பாஸ்டன், ஃபால் ரிவர், லாரன்ஸ், ஸ்பிரிங்ஃபீல்டு ஆகிய நான்கு நகரங்களின் நிதிநிலைக்கு நல்லதல்ல என்று சொன்னது. கறுப்பின மக்களின் பழைய உரிமை அமைப்பான என்ஏஏசிபி அதே அக்டோபரில் நாடு முழுக்க சார்ட்டர் விரிவாக்கத்தை நிறுத்தி வைக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. வரிசையில் நின்ற பெற்றோர்களிலும் நிறைய பேர் கறுப்பினத்தவரும் லத்தீன் இனத்தவரும்தான், ஆக அந்தச் சமூகங்களுக்குள்ளேயே வீட்டுக்கு வீடு வாக்குவாதம்.

ஆம் பக்கத்தின் கையில் இருந்த பெரிய ஆயுதம் ஆய்வு முடிவுகள். குலுக்கலில் ஒரு வசதி உண்டு: ஜெயித்தவனும் தோற்றவனும் ஒரே மாதிரி வீட்டுப் பிள்ளைகள், இரண்டு வீட்டுப் பெற்றோரும் விண்ணப்பம் போட்ட அக்கறைக்காரர்கள், அதனால் பிற்பாடு மதிப்பெண்ணில் வித்தியாசம் வந்தால் அது பள்ளியால் வந்தது. எம்ஐடியின் ஜாஷுவா ஆங்க்ரிஸ்ட், பராக் பாதக் முதலியோர் இப்படி ஒப்பிட்டுப் பார்த்தார்கள் (ஆங்க்ரிஸ்ட்டுக்கு 2021-இல் பொருளியல் நோபல் கிடைத்தது, இந்த வகை இயற்கைச் சோதனை முறைகளுக்காகத்தான்). பாஸ்டன் சார்ட்டர்களில் முன்னேற்றம் பெரிது, அதிலும் கணிதத்தில். ஆனால் அதே மாநிலத்தில் நகரத்துக்கு வெளியே இருந்த சார்ட்டர்களில் அந்தப் பலன் இல்லை, சிலவற்றில் பின்னடைவு. ஆக சார்ட்டர் என்ற பலகையில் மந்திரம் எதுவும் இல்லை, எந்த ஊர், எந்தப் பள்ளி, யார் நடத்துவது என்பதுதான் விஷயம்.

வேண்டாம் பக்கம் இதற்கு என்ன பதில் சொன்னது? பாதியில் பையனை வெளியே தள்ளும் கடுமையான ஒழுங்கு விதிகளைப் பாருங்கள், ஆங்கிலம் வராத பிள்ளைகளும் அதிகக் கவனிப்பு தேவைப்படும் மாற்றுத்திறன் பிள்ளைகளும் அங்கே எத்தனை பேர் என்று எண்ணுங்கள் என்றது. காத்திருப்புப் பட்டியலில் 30,000-க்கு மேல் என்ற எண்ணையும் கேள்வி கேட்டது. அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. 2014-இல் மாநிலத் தணிக்கை அதிகாரியே அந்தப் பட்டியல் நம்பகமானதல்ல என்று எழுதியிருந்தார், முந்தைய ஆண்டுகளின் பெயர்களெல்லாம் அதிலேயே கிடந்தன. அதற்காகத் தேவையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. என் சித்தி மகளே மூன்று பள்ளிகளின் பட்டியலில் இருக்கிறாள், ஆனால் ஒரு இடம் உண்மையிலேயே வேண்டும்.

இரண்டு பக்கமும் சேர்ந்து 4 கோடி டாலருக்கு மேல் கொட்டினார்கள். வேண்டாம் பக்கப் பணம் பெரும்பாலும் ஆசிரியர் சங்கங்களுடையது, அது வெளிப்படை. ஆம் பக்கத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேல் கொடுத்தது நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு அமைப்பு, அதற்கு யார் கொடுத்தார்கள் என்பது வாக்களித்த நாளில் யாருக்கும் தெரியாது. 2017 செப்டம்பரில் மாநிலத் தேர்தல் நிதி அலுவலகம் பிடித்தது, 4,26,466 டாலர் கட்ட வைத்தது, நன்கொடையாளர் பட்டியலையும் வெளியிட வைத்தது. அந்தப் பட்டியலில் ஏறக்குறைய ஐந்து லட்சம் டாலரோடு மாநிலக் கல்வி வாரியத்தின் அன்றைய தலைவர் பெயரும் இருந்தது. சார்ட்டர் உரிமம் கொடுப்பதே அந்த வாரியம்தான்!

முடிவு: வேண்டாம் 62 சதவீதம், ஆம் 38. பாஸ்டன் நகரமும் வேண்டாம் என்றுதான் சொன்னது. வரம்பை எட்டாத ஊர்களில் இது எட்டிக்கூடப் பார்க்காத பிரச்சினை, ஆனால் தங்கள் பள்ளிக் குழு 'நம் பணம் போய்விடும்' என்று தீர்மானம் போட்டதைப் படித்துவிட்டு வந்து வாக்களித்தார்கள். இதற்கு முன்பே பாஸ்டன் மாணவர்கள் ஐந்து பேர், இந்த உச்சவரம்பு எங்கள் கல்வி உரிமையைப் பறிக்கிறது என்று வழக்குப் போட்டிருந்தார்கள். 2018 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எத்தனை பள்ளி, எவ்வளவு பணம் என்பதைச் சட்டமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

நியூயார்க்கில் கதை கொஞ்சம் வேறு. அங்கே எண்ணிக்கை வரம்புதான் முட்டியது: 1998-இல் 100, 2007-இல் 200, 2010-இல் 460, அதற்குள் நியூயார்க் நகரத்துக்குத் தனி வரம்பு. 2019-இல் நகரத்தின் பங்கு தீர்ந்துபோனது. 2023-இல் கவர்னர் கேத்தி ஹோக்குல் நகர வரம்பையே எடுத்துவிடலாம் என்றார், சட்டமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை, கடைசியில் மூடிப்போன பள்ளிகளின் உரிமங்களை எடுத்து மறுபடி கொடுக்கலாம் என்று பேரம் முடிந்தது. இவற்றை அங்கே 'ஜோம்பி சார்ட்டர்' என்கிறார்கள், செத்து எழுந்து வருவதால். மொத்தம் 22, நகரத்துக்கு 14.

இவ்வளவையும் அவளுக்கு வாய்ஸ் மெசேஜில் சொன்னேன். "சரிண்ணா, நான் இப்ப என்ன பண்ணட்டும்?" என்றாள். அதற்கு மட்டும் பதில் சின்னது. பட்டியல் கோடையில்தான் நகரும், இரண்டு இடம் கிடைத்தவர்கள் ஒன்றை விட்டுக்கொடுப்பார்கள், அதனால் போன் வந்தால் எடு, மின்னஞ்சலில் ஸ்பாம் பெட்டியையும் பார். பட்டியல் அந்தக் கல்வியாண்டுக்கு மட்டும், அடுத்த ஆண்டுக்குத் தொடராது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், குலுக்கல் மார்ச் நடுவுக்குள் முடிந்துவிடும். பையனுக்குக் கிடைத்துவிட்டால் பாப்பாவுக்கு உடன்பிறந்தோர் முன்னுரிமை உண்டு.

ஆகஸ்ட் கடைசியில் 118 என்பது 61 ஆனது, அதோடு நின்றுவிட்டது. பையன் இப்போது இரண்டு தெரு தள்ளியிருக்கும் அரசுப் பள்ளியில் ஐந்தாவது படிக்கிறான். டீச்சர் நன்றாக நடத்துகிறாராம், இசை வகுப்புதான் இந்த ஆண்டு இல்லையாம்.