காகாபோ முட்டைகளில் பாதி ஏன் கூமுட்டையாகிறது?

நியூசிலாந்தின் காகாபோ, பறக்கத் தெரியாத, இரவில் நடமாடும் பெரிய கிளி. கழுகும் பருந்துமே எதிரியாக இருந்த காலத்தில், ஆபத்து வந்தால் அசையாமல் நிற்பதே அதைக் காத்தது. மனிதர் கொண்டுவந்த பூனையும் ஸ்டோட் என்ற, கீரி போன்ற சிறு வேட்டை விலங்கும் மோப்பம் பிடித்து வருபவை. அசையாமல் நின்றதே வினையானது. 1995-இல் மிஞ்சியவை 51. எதிரிகள் அகற்றப்பட்ட சிறு தீவுகளில் வைத்து வளர்த்ததில் 2022-இல் 252 ஆயின.

இந்த எண்ணிக்கையோடு நிம்மதி அடைந்துவிடக் கூடாது. இடும் முட்டைகளில் ஏறத்தாழப் பாதி பொரிவதில்லை. சிலவற்றில் கரு கூடியிருக்காது. சிலவற்றில் கூடிய கரு சில நாட்களிலேயே இறந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் முன்னதில் ஆணின் விந்தைச் சந்தேகிக்க வேண்டும், பின்னதில் பெற்றோரின் நெருங்கிய உறவை. ஆகவே பொரியாத முட்டையை வீசாமல் உடைத்துப் பார்ப்பது அவசியம்.

உறவு நெருங்குவதற்கு ஒரு கணக்கு உண்டு. சமமாக இனம்பெருக்கும் பறவைகள் 10 மட்டும் என்றால், தலைமுறைக்கு 5 விழுக்காடு மரபணு வேறுபாடு தொலையும். 50 என்றால் 1 விழுக்காடு. காகாபோவில் ஆண்கள் ஓரிடத்தில் கூடி முழங்க, பெண்கள் தேர்ந்தெடுக்கின்றன. சில ஆண்களே பெரும்பாலான குஞ்சுகளுக்குத் தந்தையாகின்றன. ஆக, மரபணுக் கணக்கில் 252 என்பது மிகச் சிறிய கூட்டம்.

இதைச் சரிக்கட்ட, மரபணுவை வைத்து ஒவ்வொரு பறவையின் வம்சாவளியும் எழுதப்படுகிறது. அளவுக்கு மீறித் தந்தையான ஆணை வேறு தீவுக்கு மாற்றலாம். வாய்ப்புக் கிடைக்காத ஆணின் விந்தை எடுத்துச் செயற்கையாகக் கருவூட்டலாம். 2009-இல் அப்படிக் குஞ்சுகள் பொரிந்தன. இயற்கையாக இணைந்த பெண்ணுக்கும் இன்னொரு ஆணின் விந்தைச் செலுத்தினால் கருக்கூடும் வாய்ப்பு உயரும்.

தீவனத்திலும் ஒரு பிழை நேர்ந்தது. பெண்களுக்குத் தாராளமாக ஊட்டியதில் எடை கூடிய தாய்களுக்கு ஆண் குஞ்சுகளே அதிகம் பிறந்தன. தாயின் எடையைப் பார்த்துத் தீவனத்தை அளந்து கொடுத்த பிறகே அது சீரானது.

கடினமான கேள்வி ரிச்சர்ட் ஹென்றி என்ற ஆண் கிளியைப் பற்றியது. இன்றைய காகாபோக்கள் அனேகமாக எல்லாமே நியூசிலாந்தின் தென்கோடியில் உள்ள ஸ்டூவர்ட் தீவின் வழிவந்தவை. 1975-இல் பெருநிலமான தென் தீவின் ஃபியோர்ட்லாந்து பகுதியில் பிடிபட்ட இது ஒன்றுதான் பெருநிலத்து வம்சத்தை இன்றுவரை கொண்டுவந்தது. 2010-இல் இறந்தது, விட்டுச்சென்றவை மூன்று குஞ்சுகள். பெருநிலத்து ரத்தத்தைக் கலப்பதே நல்லது என்று சொல்லத் தோன்றும். ஆனால் 2021-இல் வெளியான மரபணு ஆய்வு எதிர்பாராததைக் காட்டியது: சுமார் 10,000 ஆண்டுகள் தனித்திருந்த ஸ்டூவர்ட் கூட்டத்தில் தீங்கான பிறழ்வுகள் (மரபணுவில் நேரும் மாற்றங்கள்) பெருநிலத்துப் பறவைகளில் இருந்ததில் ஏறக்குறையப் பாதிதான். நெடுங்காலம் சிறு கூட்டமாக வாழ்ந்ததில், கொடிய பிறழ்வு வெளிப்பட்ட குஞ்சுகள் வளராமலே போய், அந்தப் பிறழ்வுகளும் கழிந்திருக்க வேண்டும்.

எனவே ரிச்சர்ட் ஹென்றியின் சந்ததி புது வேறுபாட்டோடு புதுச் சுமையையும் கொண்டுவரும். அதற்காக அவ்வழியை ஒதுக்குவது தவறு. ஸ்டூவர்ட் கூட்டத்தில் இல்லாத வேறுபாடு வேறெங்கும் கிடைக்காது. கலக்க வேண்டும், ஆனால் ஒவ்வொரு இணையிலும் எத்தனை முட்டை பொரிந்தது, எத்தனை குஞ்சு தேறியது என்று பல தலைமுறைகளுக்குக் குறித்துவைத்து, அதைப் பார்த்தே அடுத்த இணையை முடிவுசெய்ய வேண்டும்.