மினிடிவி கேசட்டை கம்ப்யூட்டர்ல ஏத்துறவங்க கவனத்துக்கு

பழைய வீடியோ கேசட்டை கம்ப்யூட்டர்ல ஏத்தி, எடிட் பண்ணி குடுக்குறது தான் என் பொழப்பு. விஎச்எஸ், ஹை8 எல்லாம் இன்னும் வந்துட்டு தான் இருக்கு, ஆனா இப்ப அதிகமா வர்றது தீப்பெட்டியை விட கொஞ்சம் பெரிசா இருக்குமே அந்த மினிடிவி (MiniDV) கேசட். 2000லேந்து 2010 வரைக்கும் நம்ம ஊர்ல நடந்த கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கிரகப்பிரவேசம்னு எவ்வளவோ இதுல தான் இருக்கு. வீடியோக்காரங்க கையில சோனி பிடி170, இல்லன்னா பேனசோனிக் எம்டி10000, துபாய் சிங்கப்பூர்னு போய்ட்டு வந்தவங்க வீட்டுல ஒரு ஹேண்டிகேம், அவ்வளவு தான் அப்ப.

கேசட் கொண்டு வர்ற முக்கால்வாசி பேர் கேக்குற முதல் கேள்வி, "தம்பி, அதான் அப்பவே வீடியோக்காரர் மிக்ஸிங் பண்ணி டிவிடி குடுத்துட்டாரே, அதையே காப்பி எடுத்துக்கிட்டா போதாதா?" போதாதும்மா. அந்த டிவிடியை போட்டு பாருங்க, தாலி கட்டுறதுல ஆரம்பிச்சு பந்தி வரைக்கும் சினிமா பாட்டு தான் ஓடும், ஒருத்தர் பேசுறது கூட கேக்காது. மிக்ஸிங்ல லைவ் சத்தத்தை மொத்தமா எடுத்துட்டு பாட்டை போட்டுருப்பாங்க, அப்ப அது தான் ஸ்டைல். பாட்டி வாய் ஓயாம வேலை ஏவிக்கிட்டு இருந்தது, மைக்ல யாரோ மொய் எழுத கூப்பிட்டது, இதெல்லாம் ராவ் கேசட்ல, அதாவது மிக்ஸிங்க்கு முன்னாடி கேமரால எடுத்த ஒரிஜினல்ல மட்டும் தான் இருக்கு. அதனால வீடியோக்காரர்கிட்ட ராவ் கேசட் இன்னும் இருக்கானு மொதல்ல கேளுங்க. நிறைய பேர் அதையே அழிச்சு அடுத்த முகூர்த்தத்துக்கு போட்டுருப்பாங்க, ஆனா சில பேர் மூட்டை கட்டி பரண்ல போட்டு வச்சிருப்பாங்க, கேட்டா தூக்கி குடுத்துடுவாங்க.

இன்னொரு விஷயம், கெட்டுப்போறது கேசட் மட்டும் இல்ல. கேசட்டை பத்தி எல்லாரும் கவலைப்படுறாங்க, அதை ஓட்டுற கேமராவை பத்தி யாருக்கும் கவலை இல்ல. ரப்பர் ரோலர் வழுவழுன்னு ஆகி, பெல்ட் தளர்ந்து, டேப்பை படிக்கிற ஹெட் தேஞ்சு போய் நிக்குது, ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காது, ரிப்பேர் தெரிஞ்ச மெக்கானிக்கும் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. ஆஸ்திரேலியாவோட தேசிய திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகமே டேப்ல இருக்கிறதை 2025க்குள்ள ஏத்தி முடிங்க, அதுக்கப்புறம் ஓட்ட மிஷின் இருக்காதுன்னு தேதி வச்சு சொன்னாங்க, அந்த தேதியும் இப்ப தாண்டிடுச்சு. அதனால வீட்டுல ஓடுற ஹேண்டிகேம் இருந்தா பழைய இரும்புக்காரருக்கு போடாதீங்க.

சரி, ஏத்துறது எப்படி. இதுல தான் நிறைய பேர் ஏமாறுறாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். மினிடிவில படம் டேப்ல ஏறும்போதே டிஜிட்டலா தான் ஏறுது, அதாவது டேப்ல இருக்கிறது ஏற்கனவே ஒரு ஃபைல் மாதிரி தான். கேமரால டிவி அவுட்னு (DV OUT, டெலிவிஷன் இல்ல) ஒரு குட்டி சாக்கெட் இருக்கும், சோனில ஐலிங்க்னு எழுதியிருக்கும், ரெண்டும் ஒன்னு தான், பொதுப் பேர் ஃபயர்வயர். கேமரா பக்கம் 4 பின், கம்ப்யூட்டர் பக்கம் பெரும்பாலும் 6 பின். அது வழியா எடுத்தா டேப்ல இருக்கிற டேட்டா அப்படியே இறங்கும், ஒரு சொட்டு தரம் குறையாது, எந்த தேதி எத்தனை மணிக்கு எடுத்தாங்கங்கிறது கூட ஒவ்வொரு ஃப்ரேம்லயும் சேந்து வரும். அதே கேமராலேந்து மஞ்சள் வெள்ளை சிவப்பு வயரை இழுத்து ஒரு சின்ன யூஎஸ்பி டாங்கிள்ல சொருகி ஏத்தினா, டிஜிட்டலா இருந்ததை அனலாகா மாத்தி, திரும்ப டிஜிட்டலா மாத்தி, அதுக்கு மேல இன்னொரு தடவை நசுக்கி ஃபைல் ஆகும். கலர் மங்கும், சேலை ஜரிகை ஓரம் எல்லாம் கொசகொசன்னு ஆகும், தேதி விவரமும் போயிடும். விஎச்எஸ்க்கு வேற வழி இல்ல, மினிடிவிக்கு இப்படி பண்றது பாவம்.

கேமராலயே யூஎஸ்பி ஓட்டை இருக்கே, அதுல எடுத்தா என்னன்னு கேப்பீங்க. பெரும்பாலான மாடல்ல அது மெமரி கார்டுல இருக்கிற ஃபோட்டோவை எடுக்க வச்சது, வீடியோ வந்தாலும் வெப்கேம் மாதிரி சின்னதா தான் வரும். அப்புறம் ஆன்லைன்ல ஃபயர்வயர் டு யூஎஸ்பி கேபிள்னு ரொம்ப மலிவா ஒன்னு விக்குறாங்க பாருங்க, ஒரு முனைல 4 பின், இன்னொரு முனைல யூஎஸ்பி, நடுவுல வெறும் வயர், வாங்கவே வாங்காதீங்க. ஃபயர்வயரும் யூஎஸ்பியும் பேசுற முறையே வேற, நடுவுல மாத்தி குடுக்க ஒரு சிப் கூட இல்லாத வயரால ஒன்னும் நடக்காது. வேணும்னா டெஸ்க்டாப்ல பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு ஒன்னு போடுங்க, இல்லன்னா ஃபயர்வயர் ஓட்டை உள்ள பழைய லேப்டாப்பை செகண்ட்ஸ்ல தேடுங்க, இதுக்கு மட்டும் பழசு தான் ராஜா. விண்டோஸ் 7 போட்ட மிஷின்ல பெருசா தொந்தரவு இருக்காது. விண்டோஸ் 8லேந்து பழைய ஃபயர்வயர் டிரைவரை மைக்ரோசாஃப்ட் உள்ள வைக்கிறதில்ல, 1394 ஓஎச்சிஐ லெகசி டிரைவர்னு அவங்களே தனியா குடுத்திருக்காங்க, அதை போட்டு டிவைஸ் மேனேஜர்ல மாத்திவிட்டா விண்டோஸ் 10லயும் கேமரா தெரியும். ஆப்பிள் வச்சிருக்கவங்க ஒன்னு தெரிஞ்சுக்கங்க, மேக்ஓஎஸ் 26ல ஃபயர்வயரையே தூக்கிட்டாங்க, தண்டர்போல்ட் அடாப்டரை ஒன்னு மேல ஒன்னா மாட்டி ஏத்திக்கிட்டு இருந்தீங்கன்னா வேலை முடியுற வரைக்கும் அப்டேட் பண்ணாம வைங்க.

கேபிளை சொருகும்போது கேமராவையும் கம்ப்யூட்டரையும் ஆஃப் பண்ணிட்டு சொருகுங்க. ஓடிக்கிட்டு இருக்கும்போது சொருகலாம்னு தான் கம்பெனி சொல்லும், ஆனா அப்படி சொருகி கேமரால அந்த டிவி (DV) போர்ட் செத்துப் போய் வந்த கேஸ் இருக்கு, போர்ட் போச்சுன்னா கேமரா இருந்தும் இல்லாத மாதிரி தான். பேட்டரியை நம்பாதீங்க, அடாப்டர் போட்டே ஓட்டுங்க.

அதுக்கும் முன்னாடி கேசட்டை கையில எடுத்து பின்பக்கம் பாருங்க, ரெக்னும் சேவ்னும் எழுதி சின்னதா நகர்த்துற மாதிரி ஒரு நாதாங்கி இருக்கும். அதை நகத்தால சேவ் பக்கம் தள்ளிடுங்க. தள்ளாம கேமராக்குள்ள போட்டு, பசங்க யாராவது அந்த சிவப்பு பட்டனை தெரியாம அமுக்கிட்டா தாலி கட்டுற இடத்துல உங்க வீட்டு சோபா தான் இருக்கும். அப்புறம் கண்ணாடி வழியா உள்ள ரீலை வெளிச்சத்துல சாய்ச்சு பாருங்க, ரீல் ஓரம் கருப்பா மழமழன்னு இருக்கணும், வெள்ளையா பொடி பொடியாவோ சாம்பல் கலர்ல படர்ந்த மாதிரியோ தெரிஞ்சா பூசணம் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். கடலோர ஊர்ல பீரோவுக்குள்ள துணியோட வச்ச கேசட்ல இது சகஜம். அந்த கேசட்டை எந்தக் காரணம் கொண்டும் கேமராக்குள்ள போடாதீங்க, பூசணம் ஹெட்ல ஒட்டி அடுத்தடுத்து போடுற நல்ல கேசட்டுக்கும் பரவும். வெயில்ல காய வைக்கிறது, ஸ்பிரிட் போட்டு துடைக்கிறதுன்னு வீட்டு வைத்தியமும் வேண்டாம், தனியா கவர்ல போட்டு தெரிஞ்ச ஆள்கிட்ட குடுங்க.

சாஃப்ட்வேருக்கு காசு செலவு பண்ண வேண்டாம், விண்டோஸ்ல வின்டிவி (WinDV) போதும், லினக்ஸ்ல டிவிகிராப் (dvgrab), ரெண்டுமே இலவசம். ஒரு மணி நேர கேசட் ஏற ஒரு மணி நேரம் ஆகும், வேகமா ஏத்த வழியே கிடையாது, ஃபைல் கிட்டத்தட்ட 13 ஜிபி வரும். ஹார்ட் டிஸ்க் ஃபேட்32ல ஃபார்மட் ஆகியிருந்தா 20 நிமிஷத்துக்கு கிட்ட வந்ததும் 4 ஜிபி தொட்டு நின்னுடும், நிறைய பேர் கேமரா கெட்டுப்போச்சுனு நினைச்சுடுறாங்க, டிஸ்கை என்டிஎஃப்எஸ்ஸா மாத்தினா சரியாயிடும். மாத்துறதுன்னா ஃபார்மட் பண்றது, உள்ள இருக்கிறதை மொதல்ல வேற இடத்துல வச்சுக்கங்க.

இப்ப சொல்றது தொழில்ல இருக்கிறவங்களே சில பேர் கவனிக்காத விஷயம். ஏத்தி முடிச்சதும் சாஃப்ட்வேர்ல டிராப் ஃப்ரேம் (வராம விட்டுப்போன ஃப்ரேம்) 0னு காட்டும், ஆஹா சுத்தமா வந்துடுச்சுனு கேசட்டை எடுத்துடுவாங்க. அந்த 0க்கு அர்த்தம், கேமரா அனுப்பினது எல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்து சேந்துடுச்சு, அவ்வளவு தான். கேமரா டேப்லேந்து சரியா படிச்சுதாங்கிறது வேற கணக்கு. படிக்க முடியாத இடத்துல கேமரா சும்மா இருக்காது, முந்தின ஃப்ரேம்லேந்து அதே இடத்து துண்டை எடுத்து ஒட்டி அனுப்பிடும். அமைதியா இருக்கிற சீன்ல அது கண்ணுக்கே தெரியாது, யாராவது கை ஆட்டினா தான் சட்டைல கட்டம் கட்டமா ஏதோ நிக்கும், சத்தம் டிக் டிக்னு வெட்டும். ஒட்டு போட்ட துண்டுக்கெல்லாம் கேமராவே ஃபைலுக்குள்ள ஒரு அடையாளம் வச்சிருக்கும், டிவிரெஸ்க்யூன்னு (dvrescue) ஒரு இலவச சாஃப்ட்வேர் அதை படிச்சு எந்த ஃப்ரேம்ல எவ்வளவு ஒட்டுன்னு கிராஃப் போட்டே காட்டும். அதை பாத்துட்டு ஹெட் கிளீனிங் கேசட்டை சில விநாடி மட்டும் ஓட்டிட்டு (நிறைய ஓட்டினா ஹெட் தேயும்) திரும்ப ஏத்துங்க, ரெண்டாவது தடவை ஒட்டு வேற இடத்துல விழும், ரெண்டு ஃபைல்லயும் நல்ல ஃப்ரேமா பொறுக்கி ஒன்னா சேக்கவும் அந்த சாஃப்ட்வேராலயே முடியும். இது தெரியாம எத்தனையோ கேசட்டை கெட்டுப்போச்சுன்னு குப்பைல போட்டுருக்காங்க.

கேசட் முழுக்க கட்டம் கட்டமா வந்தா ஹெட் அழுக்கு மட்டும் காரணமா இருக்கணும்னு இல்ல. 60 நிமிஷ கேசட்ல 90 நிமிஷம் அடக்குற எல்பி மோடுன்னு ஒன்னு உண்டு, கேசட் மிச்சம் பிடிக்க நிறைய பேர் அதுல எடுத்திருப்பாங்க. அதுல டேப்ல படம் பதியுற கோடு, அதாவது டிராக், 10 மைக்ரான்லேந்து 6.7க்கு ஒல்லியாயிடும், எடுத்த கேமரா தவிர மத்ததுல போட்டா அடிக்கடி இப்படி தான் ஆகும். எடுத்த அதே கேமரா கிடைக்குதானு தேடுங்க, சித்தப்பா வீட்டு அலமாரில இருந்தாலும் இருக்கும். வெறும் நீலமா வந்து சத்தமே இல்லன்னா அது எச்டிவில (HDV, இதே கேசட்ல எச்டி தரத்துல எடுக்குற முறை) எடுத்ததா இருக்கலாம், கேசட் பாக்க ஒரே மாதிரி இருந்தாலும் அதுக்கு எச்டிவி கேமரா தான் வேணும்.

எடிட்டிங்க்கு வருவோம். ஏத்தின அந்த 13 ஜிபி ஏவிஐ ஃபைலை தொடாதீங்க, அது தான் இனிமே உங்க மாஸ்டர் கேசட். காப்பி எடுத்து அதுல வேலை பாருங்க, டாவின்சி ரிசால்வோட இலவச வெர்ஷன், ஷாட்கட், கேடென்லைவ் எது வேணாலும் ஓகே. மாஸ்டரை வேற வேற ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல, முடிஞ்சா ஒன்னை வேற வீட்டுல வைங்க. கடைல குடுத்து ஏத்துறதா இருந்தா முன்னாடியே கேட்டுடுங்க, "அண்ணே, ஃபயர்வயர்ல ஏத்துறீங்களா, 13 ஜிபி ஃபைல் எனக்கு குடுப்பீங்களா, இல்ல எம்பி4 மட்டுமா?" எம்பி4 மட்டும்னா ஹார்ட் டிஸ்கை நீங்களே கொண்டு போய் குடுத்து ஏவிஐயும் வேணும்னு சொல்லுங்க. டிவிடில போட்டு தர்றேன்னா வேண்டாம்னுடுங்க, 13 ஜிபியை 4.7 ஜிபி தட்டுல அடைச்சா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

நம்ம ஊர் மினிடிவி பால் (PAL) சிஸ்டம், 720க்கு 576, செகண்டுக்கு 25 ஃப்ரேம், ஒவ்வொரு ஃப்ரேமும் ஒத்தைவரி ரெட்டைவரியா ரெண்டு பாதி. கம்ப்யூட்டர்ல பாத்தா ஆள் நகரும்போது சீப்பு பல்லு மாதிரி கோடு தெரியும், அது கோளாறு இல்ல. போன்ல பாக்குற காப்பிக்கு டீஇன்டர்லேஸ் பண்ணும்போது, அதாவது அந்த பாதிகளை முழு ஃப்ரேமா மாத்தும்போது, 25 ஆக்காம 50 ஃப்ரேமா எடுங்க, ஹேண்ட்பிரேக்ங்கிற (HandBrake) சாஃப்ட்வேர்ல பாப்னு (Bob) ஒரு செட்டிங் இருக்கு, அதை வச்சு ஃப்ரேம் ரேட்டை 50 போட்டா பழைய டிவில பாத்த அதே வழுக்கல் கிடைக்கும். படம் 4:3ல எடுத்ததுன்னா 4:3லயே விடுங்க. புது டிவிக்கு ரொப்பணும்னு இழுத்து எல்லாரையும் குண்டாக்கி வச்சிருப்பாங்க, பாக்க சகிக்காது. ஏஐ போட்டு ஷார்ப் பண்றேன்னு இப்ப ஒரு கூட்டம் கிளம்பியிருக்கு, அது இல்லாத முகத்தை வரைஞ்சு வைக்குது, தாத்தா மூக்கு வேற யாரோ மூக்கா மாறிடும், நான் செய்யுறதில்ல.

என் கணக்குக்கு எடிட்டிங்ங்கிறது வெட்டுறது மட்டும் தான். லென்ஸ் மூடியை போடாம தொங்கவிட்டு தரையை எடுத்திருக்கிறது, கால் மணி நேரம் கருப்பா ஓடுறது, இதை எடுங்க. அதுலயும் அவசரப்படாதீங்க, தரையை எடுத்த சீன்ல தான் பின்னாடி அத்தையும் மாமாவும் கேமரா ஓடுறது தெரியாம பேசிக்கிட்டு இருப்பாங்க. ஃபைலுக்கு பேர் வைக்கும்போது தேதியை முன்னாடி போடுங்க, 2004-09-12 காதுகுத்துன்னு வச்சா தானா வரிசையா நிக்கும். சில கேசட்ல தேதி 2000 ஜனவரி 1னே இருக்கும், கேமரா உள்ள இருக்கிற சின்ன பேட்டரி செத்துப் போய் தேதி செட் பண்ணாம எடுத்தது, அந்த மாதிரி வந்தா வீட்டுப் பெரியவங்களை பக்கத்துல உக்கார வச்சு எந்த வருஷம், யார் யாருன்னு கேட்டு எழுதிக்கங்க. யூடியூப்ல சொந்தக்காரங்களுக்கு மட்டும் பிரைவேட்டா போடுறதா இருந்தா 1440க்கு 1080னு பெருசாக்கி போடுங்க, உயரம் 720க்கு கீழ இருந்தா அங்க 50 ஃப்ரேம் கிடைக்காது, தரத்தையும் போட்டு நசுக்கிடும். வாட்ஸாப்ல வீடியோவா அனுப்பாதீங்க, அனுப்பியே ஆகணும்னா டாக்குமென்ட்டா அனுப்புங்க.

ஏத்தி முடிச்ச கேசட்டை முழுசா ரீவைண்ட் பண்ணி, பெட்டில போட்டு, நிக்க வச்சு, ஒரு சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட டப்பால மூடி வைங்க, ரெண்டு ஹார்ட் டிஸ்க்கும் படுத்துட்டா அது தான் கை குடுக்கும்.