தேறாத முடிவும் பதிவேட்டில் இருக்க வேண்டும்

மருந்துத் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் நெடுங்காலமாக வேலை பார்த்து வருகிறேன். வேதியியல் படித்துவிட்டுப் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் பொறுப்பு. ‘டேட்டா இன்டெக்ரிட்டி’ என்றால் என்ன என்று முதல் வகுப்பில் கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: பொய்யான எண்ணை எழுதக் கூடாது. அது சரிதான். ஆனால் நான் ஆய்வகங்களில் கண்ட கோளாறுகளில் பெரும்பாலானவற்றில் எவரும் பொய் எண் எழுதியிருக்கவில்லை. கருவி கொடுத்த மெய்யான எண்களில் சிலவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டிருந்தார்கள்.

பாராசிட்டமால் மாத்திரை ஒரு பேட்ச், அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதி, என்று வைத்துக்கொள்வோம். லேபிளில் குறித்த அளவில் 95 முதல் 105 சதவீதம் வரை மருந்து இருக்க வேண்டும். ஆய்வாளர் மாதிரியைக் கரைத்து, மருந்தின் அளவைக் கணக்கிடும் எச்.பி.எல்.சி. கருவியில் செலுத்துகிறார், 93.8 வருகிறது. சரக்கு அன்றிரவே கிளம்பியாக வேண்டும். எடை போடுகையில் ஏதோ பிசகியிருக்கும் என்று தானே முடிவு செய்துகொண்டு, புதிதாக மாதிரி தயாரித்து மறுபடி செலுத்துகிறார்; 95.6. அதை எழுதிக் கையெழுத்திடுகிறார். எழுதிய எண்ணில் கலப்படம் ஏதுமில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் பொய் சொல்கிறது என்றுதான் நான் சொல்வேன். மருந்துத்தூள் சரியாகக் கலக்காமல் சில மாத்திரைகளில் குறைவாகவும் சிலவற்றில் சரியாகவும் விழுந்திருந்தால், அதைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய ஒரே அடையாளம் அந்த 93.8 தான்.

லத்தீனில் ‘இன்டெகர்’ என்றால் தொடப்படாதது, குறைபடாதது, முழுமையானது. பின்னமில்லாத முழு எண்ணுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘இன்டிஜர்’ என்ற பெயரும் அதுவே. ‘இன்டெக்ரிட்டி’ அந்த வேரில் பிறந்தது. ஒரு பொருள் சிதையாமல் இருக்கும் நிலையைக் குறித்த சொல், பிறகு மனிதரின் நேர்மைக்கும் பெயரானது. எங்கள் துறையில் அது நடந்த பாதை தலைகீழ். இங்கே மனிதரில் தொடங்கி, முழுமைக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின.

1989-இல் அமெரிக்காவில் ஜெனரிக் மருந்து ஊழல் வெடித்தது. மூல நிறுவனத்தின் மருந்தைப் போலவே பிற கம்பெனிகள் தயாரிப்பதுதான் ஜெனரிக் மருந்து. அனுமதி தரும் அதிகாரிகள் சிலர் லஞ்சம் வாங்கியிருந்தார்கள். சோதனைக்குத் தங்கள் மாத்திரைக்குப் பதிலாக மூல நிறுவனத்தின் மருந்தையே கொடுத்து ஏமாற்றிய கம்பெனிகளும் பிடிபட்டன. அதையடுத்து 1991-இல் அந்நாட்டின் உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. ஒரு கொள்கையை வகுத்தது. அதன் பெயரிலேயே ‘இன்டெக்ரிட்டி’ உண்டு. விண்ணப்பம் கொடுப்பவரை நம்பலாமா என்பதே அதன் கேள்வி. அதே காலகட்டத்தில் எஃப்.டி.ஏ.வில் பணியாற்றிய ஸ்டான் வூலன் என்பவர், ஆய்வுப் பதிவுகளை எடைபோட ‘அல்கோவா’ (ALCOA) என்ற ஐந்து ஆங்கில எழுத்து நினைவுக்குறிப்பை உருவாக்கினார். எழுதியது யார் என்று தெரிகிறதா, படிக்க முடிகிறதா, செய்தபோதே எழுதியதா, மூலப்பதிவா, சரியானதா? இன்று உலகெங்கும் மருந்து ஆய்வகச் சுவர்களில் இது தொங்குகிறது. அந்த ஐந்தில் ‘முழுமையானதா’ என்ற கேள்வி இல்லை. ஐரோப்பிய மருந்து முகமை 2010-இல் வெளியிட்ட ஓர் ஆவணத்தில்தான் முழுமை, முரணின்மை, நிலைத்திருத்தல், கேட்டபோது கிடைத்தல் என்ற நான்கும் அவற்றோடு வரிசையாக நின்றன. வேரிலேயே இருந்த பொருள் இத்தனை தாமதமாக வந்திருக்கிறது. என்னைக் கேட்டால், அதைத்தான் முதலில் கற்பிக்க வேண்டும்.

சட்டம் இதை முன்பே தொட்டுவிட்டது. பார் லேபரட்டரீஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீதான வழக்கில் 1993-இல் நீதிபதி ஆல்ஃபிரட் வோலின் அளித்த தீர்ப்பை இன்றும் பயிற்சிகளில் எடுத்துச் சொல்கிறேன். தேறும்வரை திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்ப்பது சோதனையே அல்ல என்பது அதன் சாரம். தேறாத முடிவு வந்தால் காரணத்தை விசாரிக்க வேண்டும். ஆய்வகப் பிழை என்று தள்ளுவதற்கு ஆதாரம் வேண்டும். தேறிய எண்ணையும் தேறாத எண்ணையும் கூட்டிச் சராசரி எடுத்துக் குறையை மறைக்கக் கூடாது.

நம் நாட்டில் எல்லோரும் அறிந்த பாடம் ரான்பாக்ஸி என்ற மருந்து நிறுவனம். நிறுவனத்துக்குள்ளிருந்து தினேஷ் தாக்கூர் கொண்டுவந்த தகவல்களால் தொடங்கிய விசாரணை, 2013 மே மாதம் அந்நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவு குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்ட இணங்கியதில் முடிந்தது. இமாச்சலப் பிரதேசத்தின் பாவண்டா சாகிப், மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் ஆலைகள் அதில் அடிபட்டன. ஒரு மருந்து எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்று பார்க்க மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்று இடைவெளி விட்டுச் சோதிப்பது முறை. அங்கே சில மருந்துகளுக்கு அவற்றை ஒரே நாளிலோ ஓரிரு நாள் இடைவெளியிலோ செய்துவிட்டு, மாதக்கணக்கில் செய்ததுபோலத் தேதிகளைக் காட்டியிருந்தார்கள். தேதியும் ஒரு தரவுதான். அது கெட்டால் பக்கத்திலுள்ள எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

காகிதப் பதிவேடு இருந்த காலத்தில் கிழித்த பக்கம் கண்ணில் பட்டுவிடும். கணினி வந்தபின் மறைப்பது சுலபம் என்று நினைத்தவர்கள் உண்டு. ‘சும்மா பார்க்க’ என்று சொல்லி மாதிரியை முன்கூட்டியே ஒருமுறை செலுத்திப் பார்ப்பார்கள். தேறினால் முறையான கோப்புறை. தேறாவிட்டால் ‘டிரையல்’ என்ற கோப்புறை. கணினிக் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவதும், ஒரே கடவுச்சொல்லை ஐந்து பேர் பயன்படுத்துவதும் இதன் உறவுகள். ஆனால் யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை நேர முத்திரையோடு தானாகவே எழுதிவைக்கும் ‘ஆடிட் டிரெயில்’ வேண்டும் என்று 1997-லேயே அமெரிக்க விதி வந்துவிட்டது. ஆய்வுக்கு வருபவர்கள் இன்று அச்சிட்ட தாள்களைவிட அதைத்தான் முதலில் திறக்கிறார்கள்.

பிடிபடுவது எப்போதும் இளையவர்தான். எனக்கு மனம் ஆறாத இடம் இது. 93.8 என்று வந்து சொன்ன பிள்ளையிடம் “என்ன செய்து தொலைத்தாய்?” என்று ஒரு மேலாளர் ஒருமுறை கத்தினால் போதும், அடுத்த முறை அந்த எண் அவருடைய காதுக்கு வராது. வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறவரிடம் உறுதிமொழித் தாளில் கையெழுத்து வாங்கி ஒரு பயனும் இல்லை. இரண்டு ஆள் செய்யும் வேலையை ஒருவர் தலையில் கட்டும் நிர்வாகம், அவர் குறுக்கு வழியில் போனதற்குத் தானும் பொறுப்பேற்க வேண்டும்.

புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தேறாத எண் வந்தால் கரைசலைக் கொட்டாதீர்கள். குடுவை, பிப்பெட் எதையும் கழுவாதீர்கள். உடனே மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். எடைத் தாள், கணக்கீடு, ஒப்பிடுவதற்கான நியமக் கரைசல், கருவியின் நிலை எல்லாவற்றையும் இருவராகச் சரிபாருங்கள். அதே கரைசல் கையிலிருந்தால்தான் கருவியில் கோளாறா என்று சோதிக்க முடியும். பிழை உறுதியானால் அதை ஆதாரத்தோடு எழுதி, முதல் முடிவைச் செல்லாததாக்கி, சோதனையை மறுபடி செய்யலாம். அப்போதும் முதல் எண் பதிவில் இருக்கும். பிழை தெரியாவிட்டால் விசாரணை உற்பத்திப் பகுதிக்குப் போகும். கையால் எழுதியதைத் திருத்தும்போது பழையது தெரியும்படி ஒற்றைக் கோடு, காரணம், கையெழுத்து, தேதி. வெள்ளை மை ஆய்வகத்துக்குள்ளேயே வரக் கூடாது.

2023 டிசம்பர் இறுதியில் நம் ஒன்றிய அரசு திருத்தி அறிவித்த, மருந்து உற்பத்தி முறைகளுக்கான அட்டவணை ‘எம்’ விதிகள் சிறு நிறுவனங்களுக்கும் பொருந்தும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க முடியாது என்று வருந்தும் உரிமையாளர்களிடம், செலவே இல்லாதவற்றில் தொடங்கலாம் என்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் கொடுங்கள். கோப்புகளை அழிக்கும் உரிமையை ஆய்வாளர்களிடமிருந்து எடுத்து, சோதனையில் பங்கில்லாத ஒருவரிடம் கொடுங்கள். பேட்ச்சை வெளியே அனுப்பும் தேதியைக் குறிக்கும்போது, முதல் சோதனை தேறாமல் போனால் விசாரிக்கத் தேவைப்படும் நாட்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.