நண்டுக்கு வலிப்பதைச் சட்டம் எப்படி ஏற்றுக்கொண்டது?

உயிருள்ள நண்டைக் கொதிநீரில் போடும்போது அது கால்களை உதறுவது வலியினாலா, அல்லது வெறும் அனிச்சைச் செயலா, இதைப் பற்றிச் சட்டம் ஏதேனும் சொல்கிறதா என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். விலங்குகளால் சிந்திக்க முடியுமா, பேச முடியுமா என்பதல்ல, அவற்றால் துன்புற முடியுமா என்பதே கேள்வி என்று ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தாம் 1789இல் எழுதினார். அந்தக் கேள்விக்கு ஆய்வகத்தில் விடை தேடுவது மட்டும் எளிதாக இருக்கவில்லை.

சுடும் பாத்திரத்தில் கை பட்டால், வலி உறைப்பதற்கு முன்பே தண்டுவடம் கையை இழுத்துவிடுகிறது. ஆகவே, ஓர் உயிர் விலகி ஓடுவதை மட்டும் வைத்து அதற்கு வலிக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? இதற்கு பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எல்வுட் கண்ட வழி, நான் படித்த சோதனைகளிலேயே மிக அழகானவற்றுள் ஒன்று.

துறவி நண்டின் வயிற்றுப்பகுதிக்குக் கெட்டியான ஓடு கிடையாது. கடல் நத்தைகள் இறந்தபின் எஞ்சும் காலி ஓட்டுக்குள் அந்த மென்மையான வயிற்றைச் சுருட்டி நுழைத்துக்கொண்டு, ஓட்டையும் இழுத்தபடியே அது நடமாடுகிறது. எல்லா ஓடும் அதற்கு ஒன்றல்ல. சில நத்தை இனங்களின் ஓட்டை விரும்பித் தேடும், மற்றவற்றை வேறு வழியில்லாதபோது ஏற்கும். எல்வுடும் மிர்ஜம் ஆப்பெலும் ஓடுகளில் நுண்ணிய துளையிட்டு, மெல்லிய கம்பியைச் செலுத்தி, உள்ளிருக்கும் நண்டின் வயிற்றில் சிறிய மின்னதிர்ச்சி படும்படி செய்தார்கள். 2009இல் வெளியான அந்த ஆய்வில், அதிர்ச்சி பெற்றவை மட்டுமே ஓட்டை விட்டு வெளியேறின. அவற்றிலும் விருப்பமில்லாத ஓட்டில் இருந்தவையே அதிகமாக வெளியேற, விருப்பமான ஓட்டில் இருந்தவற்றுள் கூடுதலானவை அதே அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டு தங்கின. பின்னர் நடந்த இன்னொரு சோதனையில், வேட்டையாடும் விலங்கின் வாடை நீரில் கலந்திருந்தபோதும் வெளியேறுவது குறைந்தது. வெறும் அனிச்சைச் செயலாக இருந்தால், ஓட்டின் தரமோ வெளியே காத்திருக்கும் ஆபத்தோ கணக்கில் வந்திருக்காது. நண்டோ வேதனையை ஒரு தட்டிலும் வீட்டை மறு தட்டிலும் வைத்து எடை போடுகிறது. வலி நிரூபணமாகிவிட்டது என்று எல்வுட் சொல்லவில்லை. வலி இருந்தால் எதிர்பார்க்கக்கூடியது இதுதான் என்றார்.

பிரிட்டனில் 2021இல் விலங்குகளின் உணர்திறன் பற்றிய சட்ட முன்வரைவு வந்தபோது, அதில் முதுகெலும்புள்ளவை மட்டுமே இருந்தன. தத்துவப் பேராசிரியர் ஜோனதன் பெர்ச் தலைமையிலான குழு முந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை எட்டு அளவுகோல்களால் சோதித்து அறிக்கை தந்தது. துறவி நண்டு செய்ததைப் போன்ற எடைபோடலும் அந்த எட்டில் ஒன்று. 2022இல் நிறைவேறிய சட்டத்தில் நண்டு, இறால், கணவாய், ஆக்டோபஸ் ஆகியவையும் இடம்பெற்றன. அந்தச் சட்டம் எந்தச் சமையலறையையும் தடுக்கவில்லை. அரசு கொள்கை வகுக்கும்போது இவற்றின் நலனையும் கருத வேண்டும் என்கிறது. கல் இறாலை மயக்காமல் கொதிநீரில் போடுவதை 2018இலேயே தடை செய்த சுவிட்சர்லாந்து இதைவிட ஒரு படி மேலே.

நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தொடங்கிய முயற்சியின் விளைவாக வந்தது. மனிதன் அல்லாத எந்த உயிரும் விலங்கே என்று அது வரையறுப்பதால், நண்டும் அதில் அடங்கும். உணவுக்காகக் கொல்வதை அது அனுமதிக்கிறது, தேவையற்ற வலி தரக்கூடாது என்ற நிபந்தனையோடு. நண்டைப் பொறுத்தவரை எந்த வலி தேவையற்றது என்பதை அளந்து சொல்ல, இவ்வளவு நீண்ட கடற்கரை கொண்ட நாடு தன் கடல் உயிரியல் துறைகளுக்குப் பணம் ஒதுக்கத்தான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கம்பியும் நத்தை ஓடும் கேட்கும் ஆய்வுக்குப் பெரும் செலவு ஆகாது. அதுவரை, வாசகி கேட்ட நண்டை முதலில் பனிக்கட்டித் துண்டுகள் கலந்த உப்பு நீரில் கிடத்தி அசைவு முற்றிலும் அடங்கிய பிறகு, முன்னும் பின்னுமாக உள்ள அதன் இரண்டு நரம்பு மையங்களையும் அடிப்புறம் வழியாகக் கூரிய கத்தி முனையால் விரைந்து குத்திச் சிதைத்துவிட்டுச் சமைக்கலாம். மின்னதிர்ச்சியால் மயக்கும் கருவி கிடைக்குமானால் அது இன்னும் நல்லது.