கற்பனை நாடு: முதலில் மழையை வரையுங்கள்

ஓப்பன்ஜியோஃபிக்‌ஷன் போன்ற கூட்டு வரைபடத் திட்டங்களில், கற்பனை உலகம் ஒன்றில் உங்களுக்கென்று ஒரு நிலப்பரப்பை ஒதுக்கித் தருகிறார்கள். நெடுஞ்சாலை முதல் தெருமுனை அஞ்சலகம் வரை அதில் என்ன வேண்டுமானாலும் வரையலாம். நான் வரைபடத் துறையில் இருப்பதால், புதிதாகச் சேருகிறவர்கள் தங்கள் நாட்டைக் காட்டிக் கருத்துக் கேட்பதுண்டு. வெப்பமண்டல நாடு என்றால் பெரும்பாலும் ஒரே வார்ப்புதான்: கரை நெடுகத் தென்னை, உள்ளே அடர்காடு, நடுவே எரிமலை, கடலோரம் தலைநகர். ஏன் அங்கே காடு, ஏன் இங்கே நகரம் என்று கேட்டால் பதில் வருவதில்லை.

மழை எங்கிருந்து வருகிறது, எங்கே கொட்டுகிறது, எந்த மாதங்களில் நின்றுபோகிறது என்று முடிவுசெய்யும் வரை ஒரு சாலைகூடப் போடாதீர்கள். என்னிடம் கேட்பவர்களிடம் நான் வற்புறுத்துவது இதைத்தான்.

கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையில் பெருமளவு வீசுவது வியாபாரக் காற்று. வடக்கே வடகிழக்கிலிருந்தும் தெற்கே தென்கிழக்கிலிருந்தும் வரும். அதன் குறுக்கே உயரமான மலைத்தொடர் இருந்தால், காற்று மோதும் பக்கம் நனையும், மறுபக்கம் காயும். ஹவாயின் கவாய் தீவில் வையாலியாலே மலையுச்சியில் ஆண்டுக்குச் சுமார் 10,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தள்ளி, மழைமறைவில் இருக்கும் மேற்குக் கரையில் 500 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெய்கிறது. சிறு தீவுக்கே இந்த வேறுபாடு என்றால், ஒரு நாடு முழுவதும் ஒரே பச்சையைப் பூசுவது எப்படிப் பொருந்தும்?

நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் பல இடங்களில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலங்கள் உண்டு. விலகிச் செல்லச் செல்ல அவை ஒன்றாகி, வறண்ட மாதங்கள் நீளும். அங்கே அடர்காடு இல்லை. புல்வெளியும் இடையிடையே மரங்களும்தான். ஆறுகளும் பருவத்துக்கேற்பப் பெருகி வற்றும். காங்கோ ஆறு ஆண்டு முழுவதும் ஓரளவு சீராக ஓடுவதற்கு அதன் வடிநிலம் நிலநடுக்கோட்டின் இருபுறமும் பரந்திருப்பதே காரணம். ஒரு பக்கம் காயும்போது மறுபக்கம் மழை பெய்கிறது. புயலுக்கும் இடம் உண்டு, கட்டுப்பாடும் உண்டு. நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகை (டிகிரி) அட்சரேகைக்குள் வெப்பமண்டலப் புயல் உருவாவது மிக அரிது. நாட்டை 3 பாகையில் வைத்துவிட்டு, அதன் வரலாற்றை ஆண்டுதோறும் வரும் புயல்களால் நிரப்பினால் நம்ப முடியாது.

வெப்பமண்டலம் என்றாலே பசுமை என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். பெருவின் தலைநகரான லிமா 12 பாகை தெற்கில் இருக்கிறது. கரையோரக் குளிர்நீரோட்டத்தால் அங்கே மழை என்பதே அபூர்வம். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். நிலநடுக்கோட்டுக்கு அருகிலேயே இருந்தும் கிளிமஞ்சாரோவின் உச்சியில் பனி கிடப்பது அதனால்தான்.

ஆறுகளில்தான் பிழைகள் மலிந்திருக்கின்றன. அண்மையில் பார்த்த ஒரு வரைபடத்தில் நாட்டின் நடுவே ஓர் ஏரி. அதிலிருந்து மூன்று ஆறுகள் மூன்று கடற்கரைகளுக்குப் போயின. வரைந்தவர் மிகுந்த பொறுமைசாலி. ஒவ்வொரு வளைவையும் அழகாக நெளித்திருந்தார். ஆனால் ஏரி நிரம்பினால் தண்ணீர் தன் கரையின் மிகத் தாழ்ந்த இடம் வழியாகத்தான் வழியும். வழிய வழிய அந்த வாய் அரித்து ஆழமாகும். மற்ற வாய்கள் காய்ந்துபோகும். ஆகவே ஏரிக்குப் பொதுவாக ஒரே போக்கிடம்தான். துணையாறுகள் வந்து சேருவது இயல்பு. ஆறு பல கிளைகளாகப் பிரிவது பெரும்பாலும் கழிமுகத்தில்தான். ஓரினோகோவிலிருந்து பிரிந்து, ரியோ நீக்ரோ வழியே அமேசான் வடிநிலத்தில் கலக்கும் காசிகியாரே போன்ற விதிவிலக்கு உண்டு. ஒரு நாட்டில் அப்படி ஒன்று இருந்தால் வியப்பு, மூன்று இருந்தால் கவனக்குறைவு. மென்பொருளில் ஆற்றுக் கோட்டை நீரோட்டத் திசையிலேயே, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இழுக்க வேண்டும் என்பது, உண்மை உலகைத் தன்னார்வலர்கள் கூடி வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் திட்டத்தின் வழக்கம். அந்தப் பழக்கம் ஒன்றே பல பிழைகளைத் தடுத்துவிடும். ஏனெனில் ஊற்றுக்கண் எங்கே என்று தெரியாமல் கோட்டைத் தொடங்கவே முடியாது.

பெரிய அறிஞர்களே இங்கே சறுக்கியிருக்கிறார்கள். நைஜர் ஆறு கிழக்கு நோக்கி ஓடுகிறது என்ற செய்தி ஐரோப்பாவுக்குக் கிடைத்தபோது, அது தெற்கே திரும்பிக் கடலை அடையும் என்பதை ஆங்கிலேயப் புவியியலாளர் ஜேம்ஸ் ரென்னல் ஏற்கவில்லை. உள்நாட்டிலேயே முடிந்துவிடுகிறது என்று கருதினார். 1798ஆம் ஆண்டு வரைபடத்தில், ஆற்றுக்கும் தெற்குக் கடலுக்கும் இடையே சுவர் போல நீண்ட கோங் மலைத்தொடரைக் காட்டினார். 1880களின் இறுதியில் பிரெஞ்சு ஆய்வுப் பயணி லூயி குஸ்தாவ் பின்ஷே நேரில் போய், அப்படியொரு மலைத்தொடர் இல்லை என்று சொல்லும் வரை, பலரும் அதைப் பார்த்துத் தங்கள் வரைபடங்களிலும் வரைந்தார்கள். கற்பனை நாட்டில் மலையை எங்கே வைக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் மலையை முதலில் வையுங்கள். பிடித்த இடத்தில் ஆற்றை ஓடவிட்டு, அதற்கு முட்டுக்கொடுக்க மலையைக் கொண்டுவராதீர்கள்.

தண்ணீர் அமைந்த பிறகு ஊர்கள் தாமாகவே இடம் கேட்கும். நீல நைலும் வெள்ளை நைலும் சேரும் இடத்தில் கார்ட்டூம். ரியோ நீக்ரோ அமேசானில் கலக்குமிடத்துக்கு அருகில் மனாஸ். கடலோர வெக்கையிலிருந்து விலகிச் சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் பொகோட்டா. ரயில் பாதையும் ஊரைப் பெற்றெடுக்கும்: மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரியை நோக்கிப் போன பாதையில், 1899இல் அமைந்த ரயில் முகாம்தான் நைரோபியாக வளர்ந்தது. மலையேறும் ரயிலை நேர்கோடாக இழுத்துவிடாதீர்கள். சரிவு 2.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 1,500 மீட்டர் ஏறுவதற்கு 60 கிலோமீட்டர் பாதை வேண்டும். அந்த வளைவுகளையும் கொண்டையூசித் திருப்பங்களையும் வரைந்து பாருங்கள். சிறு நிலையங்கள் எங்கே வர வேண்டும் என்பதும் புலப்படும்.

இன்னொன்று எனக்கு மனவருத்தம் தருவது. பல கற்பனை வெப்பமண்டல நாடுகளில் விடுதிகளும் தோட்டங்களும் குடிசைகளும் இருக்கின்றன. பள்ளிக்கூடம் இல்லை, பஸ் பணிமனை இல்லை, இடுகாடு இல்லை. வேறு தேசத்தார் வந்து பார்த்துவிட்டுப் போவதற்காகவே அந்த நாடு படைக்கப்பட்டது போல இருக்கும். காலனி ஆட்சியின் தடத்தைக் காட்ட விரும்பினால் அதன் காரணத்தோடு காட்டுங்கள். சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்கு மட்டும் ஓடி, பக்கத்து ஊரைத் தொடாத ரயில் பாதை பல பத்திகள் சொல்ல வேண்டியதை ஒரே கோட்டில் சொல்லும். நெருக்கமான குடியிருப்பு வெள்ளம் ஏறும் தாழ்நிலத்திலோ செங்குத்துச் சரிவிலோ அமைவதற்குக் காரணம், வேலைக்கு அருகில் அங்கே வாழ்பவர்களுக்குக் கிடைத்த நிலம் அதுதான் என்பது. அங்கேயும் மருந்துக்கடையும் வழிபாட்டிடமும் பந்து விளையாடும் திடலும் இருக்கும். அவற்றையும் வரையுங்கள்.

அளவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்துக் காட்ட இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்கேட்டர் முறையில், 60 பாகையில் உள்ள பொருள் நிலநடுக்கோட்டில் இருப்பதைவிட நீளத்தில் இரு மடங்காகத் தெரியும். அந்த 60 பாகையில் உள்ள வடக்கு நாட்டு நகரம் ஒன்றைத் திரையில் பார்த்து அதே அளவில் நிலநடுக்கோட்டருகே வரைந்தால், உங்கள் ஊரின் ஒவ்வொரு தெருவும் இரு மடங்கு அகலமாகிவிடும். கண்ணை நம்பாமல், மென்பொருளின் அளவுகோலால் அளந்து வரையுங்கள்.

எல்லை தாண்டும் ஆறு என்றால் அண்டை நாட்டை வரைபவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். பிறகு இருவரும் அழித்து எழுத வேண்டியிருக்காது.

பதிவேற்றுவதற்கு முன் ஒன்றை ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். கற்பனை உலகை வரையும் அதே மென்பொருள்தான் உண்மையான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பையும் திருத்துகிறது. எந்த சர்வரின் முகவரி அமைப்புகளில் இருக்கிறதோ அங்கேதான் உங்கள் வேலை போய்ச் சேரும். 2010இல் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து வரைந்த தெருக்களை நம்பி மீட்புக் குழுக்கள் இயங்கின. அத்தகைய வரைபடத்தில் இல்லாத பாலம் ஒன்று ஏறிவிட்டால், அதை நம்பி ஒரு வண்டி கிளம்பக்கூடும். தவறுதலாகப் பதிவேற்றிவிட்டால் மறைக்காமல் உடனே அந்தத் திருத்தத் தொகுப்பை (ஒரே முறையில் பதிவேற்றிய மாற்றங்களை) திரும்பப் பெறுங்கள். முறை தெரியாவிட்டால், அதன் எண்ணைக் குறிப்பிட்டு அங்குள்ள தன்னார்வலர்களிடம் அன்றே உதவி கேளுங்கள்.